பாஸ்வேர்ட் சரி, டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை

ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகள் விடுதியிலிருந்து அழைத்தாள். மறுநாள் காலை புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும். லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப் அவளை உள்ளேயே விடவில்லை. பாஸ்வேர்ட் போட்டு என்டர் தட்டினால் திரை ஒரு நொடி கறுத்து, திரும்ப அதே லாகின் திரையில் வந்து நிற்கிறது. பக்கத்து அறைத் தோழி, "ஓஎஸ் போச்சு, புதுசா போட்டுடலாம்" என்று பென்டிரைவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாஸ்வேர்ட் தப்பா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. வேணும்னே தப்பா போட்டுப் பாத்தேன். அப்போ தப்புன்னு சொல்லுது. சரியா போட்டாத்தான் கறுத்துப் போய்த் திரும்பி வருது."

தனக்கே தெரியாமல் பாதிச் சோதனையை அவள் முடித்துவிட்டாள். லாகின் திரை வருகிறது என்றால் டிஸ்க் படிக்கிறது, இயங்குதளத்தின் மையமான கர்னல் ஓடுகிறது, கிராஃபிக்ஸ் படம் காட்டுகிறது என்று பொருள். தப்பான பாஸ்வேர்டைத் தப்பு என்று சொல்கிறது என்றால், சரிபார்க்கும் பகுதியும் நன்றாக இருக்கிறது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட பிறகு, பேனலும் ஐகானும் வருவதற்கு முன்னால், ஏதோ ஒன்று தொடங்கிய உடனே விழுகிறது. தேட வேண்டிய இடம் அவ்வளவுதான். பென்டிரைவை எடுத்து வைக்கச் சொன்னேன்.

லினக்ஸில் டெஸ்க்டாப் 'போய்விட்டது' என்று நாம் சொல்லும்போது, போனது முழு டெஸ்க்டாப்பாக இருப்பது அபூர்வம். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ஏழெட்டு புரோகிராம்களில் ஒன்று விழுந்திருக்கும். எது என்று கண்டுபிடிக்காமல் எதையும் தொடக்கூடாது என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே விதி. விழுந்தது எது என்று தெரிந்தால் சரிசெய்வது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. தெரியாமல் கைவைத்தால், நன்றாக இருந்தவையும் சேர்ந்து கெடும்.

இப்படி அடுக்கடுக்காக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1984-இல் எம்ஐடி-யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். திரையில் வரைந்து கொடுப்பது, கீபோர்டும் மவுஸும் தரும் தகவலை எடுத்துக் கொடுப்பது, இந்த இரண்டோடு அதன் வேலை முடிந்தது. விண்டோவின் ஓரம் எப்படி இருக்க வேண்டும், மெனு எங்கே வர வேண்டும் என்பதையெல்லாம் அதன்மேல் ஓடும் வேறு புரோகிராம்களுக்கு விட்டுவிட்டார்கள். 1987-இல் வந்த எக்ஸ்11 பதிப்பின் வாரிசுதான் இன்றைக்கும் பல கணினிகளில் ஓடுகிறது. 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழலை அறிவித்தார். 1997 ஆகஸ்டில் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் அதுபோன்ற க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். இரண்டும் பயனருக்கு ஒரே முகத்தைக் காட்டின. உள்ளே இருந்தவை என்னவோ தனித்தனி புரோகிராம்கள்தான்.

கீழிருந்து மேலே போனால் வரிசை இப்படி இருக்கும். அடியில் கர்னலும் அதனுள் இருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவரும். அதன்மேல் திரையை ஆளும் டிஸ்ப்ளே சர்வர். அதைக் கிளப்பி லாகின் திரையைக் காட்டுவது டிஸ்ப்ளே மேனேஜர்: லினக்ஸ் வகைகளான உபுண்டுவில் ஜிடிஎம், மின்ட்டில் லைட்-டிஎம், குபுண்டுவில் எஸ்டிடிஎம். பாஸ்வேர்ட் சரியானதும் அது உங்கள் பெயரில் ஒரு செஷனைத் தொடங்குகிறது. அந்தச் செஷன் விண்டோ மேனேஜரை, பேனலை, ஒலி, நெட்வொர்க், தட்டச்சு ஆகியவற்றுக்கான சின்னச் சின்ன சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. இதில் எதுவும் ஒற்றை ஆளாக நிற்பதில்லை. அதே சமயம் ஒன்று விழுந்தால் எல்லாம் விழுந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

சரி, எந்த அடுக்கு என்று எப்படிப் பார்ப்பது? முதல் சோதனைக்கு மூன்று விசைகள் போதும்: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3. சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'லாகின்' என்று வந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். கர்னல் உயிரோடு இருக்கிறது, உங்கள் கோப்புகள் இருக்கின்றன, சிக்கல் படம் காட்டும் அடுக்குகளில் மட்டும்தான். அங்கே பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போகலாம். பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது. புதியவர்கள் கீபோர்ட் வேலை செய்யவில்லை என்று நினைத்து இங்கேதான் பயப்படுகிறார்கள். திரும்பப் படத்திரைக்குப் போக உபுண்டுவில் எஃப்1 அல்லது எஃப்2, மின்ட்டில் எஃப்7.

அந்தத் திரையே வராவிட்டால் கேப்ஸ்லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் கர்னல் உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் இன்னொரு கணினி இருந்து, இதில் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் முன்பே போட்டு வைத்திருந்தால் அதன் வழியாக நுழையலாம். எதுவும் இல்லை, அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஆல்ட்டோடு பிரின்ட்ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்ற மூன்றையும் ஒவ்வொன்றாக, இரண்டு நொடி இடைவெளி விட்டுத் தட்டுங்கள். நினைவகத்தில் காத்திருப்பதை டிஸ்க்கில் எழுது, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்று, மறுபடி தொடங்கு என்று நேரடியாகக் கர்னலுக்குச் சொல்லும் கட்டளைகள் அவை. உபுண்டுவில் இந்த மூன்றும் ஆரம்பத்திலிருந்தே அனுமதிக்கப்பட்டிருக்கும்.

அக்கா மகளுக்குக் கறுப்புத் திரை வந்தது. உள்ளே போனதும் டி, எஃப் என்று இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, எச், என்டர் என்று ஃபோனில் சொன்னேன். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. வந்த வரிகளில் கடைசியில் தனிச் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் படிக்கச் சொன்னேன். மொத்தம் 59 ஜிபி, பயன்படுத்தியது 56 ஜிபி, மிச்சம் 0, 100 சதவீதம் என்று படித்தவள் அங்கேயே நிறுத்தினாள். "59-ல 56 போனா 3 இருக்கணுமே மாமா?"

நல்ல கேள்வி. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, உருவாக்கும்போதே இடத்தில் 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கு என்று ஒதுக்கிவிடுகிறது. சாதாரணப் பயனர் டிஸ்க்கை நிரப்பிவிட்டாலும், நிர்வாகம் செய்யும் புரோகிராம்கள் மூச்சு முட்டாமல் ஓடட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்த 3 ஜிபி எங்கேயும் போகவில்லை, அவளுக்குத்தான் கிடையாது. லாகின் ஏன் சுற்றிச் சுற்றி வந்தது என்பதும் இதில் புரிந்துவிடும். கறுப்புத் திரை லாகினுக்கு டிஸ்க்கில் அவள் பெயரில் எதையும் எழுத வேண்டிய அவசியம் இல்லை. டெஸ்க்டாப் செஷன் அப்படியில்லை. வீட்டு ஃபோல்டரில் எக்ஸ்-அத்தாரிட்டி என்ற சிறிய கோப்பை எழுத வேண்டும், தற்காலிகக் கோப்புகளை எழுத வேண்டும், அமைப்புகளைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு பைட் கூட எழுத இடமில்லை என்றதும் செஷன் விழுகிறது. விழுந்ததும் டிஸ்ப்ளே மேனேஜர் தன் கடமையைச் செய்து லாகின் திரையைத் திரும்பக் காட்டுகிறது. காரணத்தை மட்டும் யாரும் திரையில் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. 'டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று ஒரு வரி அங்கே வந்திருந்தால் எத்தனையோ பேர் தங்கள் கோப்புகளை இழந்திருக்க மாட்டார்கள்.

இடத்தை எது தின்றது என்று பார்த்தால், குப்பைத்தொட்டி. வகுப்பு வீடியோக்களை இறக்கி, பார்த்து முடித்து, அழித்திருக்கிறாள். அழித்தது எல்லாம் வீட்டு ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் டிராஷ் ஃபோல்டருக்கு நகர்ந்ததே தவிர டிஸ்க்கை விட்டுப் போகவில்லை. ஃபோனில் அழிக்கும் கட்டளையைச் சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம். ஓர் இடைவெளி தவறினால் வேறு எதுவோ போய்விடும். அதனால் முதலில் அந்த ஃபோல்டருக்குள் போகச் சொல்லி, என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பெயர்களைப் படிக்கச் சொல்லி, வீடியோக்கள்தான் என்று உறுதியான பிறகே அழிக்கச் சொன்னேன். 22 ஜிபி திரும்பி வந்தது. மறுபடி தொடங்கியதும் டெஸ்க்டாப் எழுந்தது. பதினொன்றே கால்கூட ஆகவில்லை.

இதே சுழற்சிக்கு இன்னொரு பொதுவான காரணமும் இருக்கிறது. வரைகலைப் புரோகிராம் ஒன்றை, அல்லது டெஸ்க்டாப்பையே, நிர்வாக உரிமையோடு ஓட்டும் சூடோ கட்டளையைப் போட்டுத் திறப்பது. அப்படித் திறந்தால் அதே எக்ஸ்-அத்தாரிட்டி கோப்பு ரூட்டின் பெயருக்கு மாறிவிடக்கூடும். அடுத்த முறை உங்கள் செஷன் தன் சொந்தக் கோப்பை எழுதப் போனால் அனுமதி இல்லை என்று வரும். கறுப்புத் திரையில் வீட்டு ஃபோல்டரின் மறைந்த கோப்புகளை உரிமையாளர் பெயரோடு பட்டியலிட்டுப் பார்த்தால், உங்கள் பெயர்களுக்கு நடுவே ஒரே ஒரு 'ரூட்' கண்ணில் படும். அந்தக் கோப்பின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும்.

டெஸ்க்டாப் வருகிறது, ஆனால் கோணலாக வருகிறது என்றால் அது வேறு கதை. பேனல் இல்லை, ஐகான்கள் காணவில்லை, மெனு திறப்பதில்லை, ஒரு மானிட்டர் எழவில்லை. இந்த இடத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே ஒரு சோதனை: புதிதாக ஒரு பயனரை உருவாக்கி அந்தப் பெயரில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் நன்றாக இருந்தால், மென்பொருளில் கோளாறு இல்லை. உங்கள் வீட்டு ஃபோல்டரில் இருக்கும் அமைப்புகளில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அங்கேயும் அதே கோளாறு என்றால் வீட்டு ஃபோல்டரைத் தொடவே வேண்டாம், கீழே போய்த் தேடுங்கள். இரண்டு நிமிடச் சோதனை, பாதிக் காரணங்களை ஒரே வீச்சில் கழித்துவிடுகிறது. முழு மறுநிறுவலுக்குப் போகிறவர்களில் பலர் இதைச் செய்து பார்த்ததே இல்லை.

வீட்டு ஃபோல்டரில்தான் கோளாறு என்றால், புள்ளியில் தொடங்கும் மூன்று இடங்கள் முக்கியம். கேஷ், கான்ஃபிக், லோக்கல். கேஷ் ஃபோல்டரில் இருப்பதெல்லாம் திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடியது. பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு வரும் விநோதமான கோளாறுகள் பல, அதை ஒதுக்கி வைத்தாலே போய்விடும். கான்ஃபிக் அப்படியில்லை, அதில் உங்கள் உழைப்பு இருக்கிறது. எனவே அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். அந்தப் பெயரில் எதுவும் கிடைக்காததால் டெஸ்க்டாப் புதிய அமைப்புகளோடு எழும். சிக்கல் தீர்ந்தால் பழையதிலிருந்து வேண்டியதை ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள், எதை வைத்ததும் உடைகிறது என்பது தெரிந்துவிடும். தீராவிட்டால் பெயரைப் பழையபடி மாற்றிவிடலாம், இழப்பு ஒன்றும் இல்லை. பெயர் மாற்றுவதை டெஸ்க்டாப்புக்குள் இருந்துகொண்டு செய்யாமல் கறுப்புத் திரையில் செய்வது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் செஷன் வெளியேறும்போது தன் நினைவில் இருப்பதைத் திரும்ப எழுதிவிடலாம்.

முழு ஃபோல்டரையும் நகர்த்த வேண்டிய தேவைகூடப் பெரும்பாலும் இருக்காது. வெளி மானிட்டரைக் கழற்றிய பிறகு க்னோமில் திரை குழம்பினால், கான்ஃபிக்கில் இருக்கும் மானிட்டர்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றே போதும். கேடிஇ-யில் பேனல் கலைந்தால், பிளாஸ்மா என்று தொடங்கி ஆப்லெட்ஸ்ஆர்சி என்று முடியும் நீளப் பெயர்க் கோப்பு.

டெஸ்க்டாப்புக்குள் எது விழுந்தது என்பதில் ஒவ்வொரு சூழலும் ஒவ்வொரு விதம். கேடிஇ பிளாஸ்மாவில் பேனலையும் வால்பேப்பரையும் காட்டும் பிளாஸ்மாஷெல் தனிப் புரோகிராம். அது விழுந்தால் பேனல் மறையும், திறந்திருந்த விண்டோக்கள் அப்படியே இருக்கும். ஆல்ட், எஃப்2 அழுத்தினால் வரும் கட்டத்தில் பிளாஸ்மாஷெல் என்று தட்டினாலே பேனல் திரும்பிவிடும், எழுதிக்கொண்டிருந்ததும் பத்திரம். மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றும் சேர்ந்து அதை மறுபடி தொடங்கும்.

க்னோமில் நிலைமை வேறு. விண்டோக்களை ஆள்வது, பேனலைக் காட்டுவது, எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் ஓடும்போது டிஸ்ப்ளே சர்வராக இருப்பது என எல்லாமே க்னோம்-ஷெல் என்ற ஒரே புரோகிராம்தான். அதற்குள்ளேயே, அதே புரோகிராமின் பகுதியாக, நாம் கூடுதல் வசதிக்காகப் போடும் எக்ஸ்டென்ஷன்களும் ஓடுகின்றன. அவற்றுக்கு என்று தனிச் சுவர் கிடையாது. யாரோ ஓய்வு நேரத்தில் எழுதிய ஒரு வானிலை எக்ஸ்டென்ஷன் தடுமாறினால் முழு டெஸ்க்டாப்பும் தடுமாறும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45-இல் எக்ஸ்டென்ஷன்கள் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை ஏற்றும் முறை மாறியது. அதுவரை இருந்த எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அவற்றை எழுதியவர்கள் திருத்தியாக வேண்டியிருந்தது. பலர் திருத்தினார்கள், சிலர் திருத்தவில்லை. பெரிய அப்டேட்டுக்கு மறுநாள் க்னோம் கோளாறு என்றால் முதல் சந்தேகம் எக்ஸ்டென்ஷன்கள்மேல்தான் விழ வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் அணைக்கும் வசதி எக்ஸ்டென்ஷன்ஸ் செயலியிலேயே உண்டு. அணைத்துவிட்டு, வெளியே போய், திரும்ப நுழைந்து பாருங்கள்.

இங்கே வேலண்ட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2008-இல் க்றிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கிய முயற்சி அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் ஓர் ஊரின் பெயரை வைத்தார். எக்ஸில் எந்தப் புரோகிராமும் அடுத்த புரோகிராமின் விசைத் தட்டல்களைக் கேட்கலாம், திரை முழுவதையும் படம் பிடிக்கலாம். வேலண்ட் அதை நிறுத்தியது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு என்றுதான் நான் கருதுகிறேன். ஆனால் அந்தத் திறந்த கதவை நம்பி ஓடிய எல்லாமே தடுமாறின: திரைப் பகிர்வு, தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள், தட்டச்சுக் கருவிகள். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2016-இல் 25-ஆம் பதிப்பில் வேலண்டை இயல்புநிலையாக்கியது. உபுண்டு 2017 அக்டோபரில் மாறி, அடுத்த பதிப்பில் பின்வாங்கி, 2021 ஏப்ரலில் மறுபடி மாறியது. கேடிஇ-யும் இயல்பாக வேலண்டுக்கு மாறிய பிளாஸ்மா 6 வந்தது 2024 பிப்ரவரியில்.

இத்தனை காலமும், வேலண்டில் ஏதாவது சரியில்லை என்றால் லாகின் திரையின் சக்கர ஐகானைத் தொட்டு எக்ஸ் செஷனைத் தேர்ந்து பார் என்பது முதல் அறிவுரையாக இருந்தது. கோளாறு அங்கே இல்லை என்றால் வேலண்ட் பக்கம்தான் காரணம் என்று தெரிந்துவிடும். அந்தக் கதவு இப்போது மூடிக்கொண்டு வருகிறது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49, எக்ஸ் செஷனை இயல்பாகவே அணைத்து வைத்தது. உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு எக்ஸ் செஷன் கிடையாது. ஆகவே இனி வேலண்டுக்குள்ளேயே கோளாறைத் தேடப் பழக வேண்டும்.

தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்த மாற்றம் நேரடியாகவே உறைத்தது. எக்ஸ் காலத்தில் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சுக் கருவியைப் போட்டு, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, வீட்டு ஃபோல்டரின் ஒரு கோப்பில் 'ஐஎம் மாட்யூல்' என்று முடியும் இரண்டு மூன்று வரிகளை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கேடிஇ வேலண்டுக்கு மாறியதும் ஒரு விண்டோவில் தமிழ் வரும், பக்கத்து விண்டோவில் ஆங்கிலம்தான் வரும். எழுத்துரு போய்விட்டது, தமிழ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள் என்றெல்லாம் நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. காரணம் எளியது. கேடிஇ வேலண்டில் தட்டச்சுக் கருவியை விண்டோ மேனேஜரான கேவின்தான் கிளப்ப வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் 'விர்ச்சுவல் கீபோர்ட்' என்ற பக்கத்தில் எஃப்சிஐடிஎக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். விர்ச்சுவல் கீபோர்ட் என்றால் திரையில் தோன்றும் விசைப்பலகை என்று நினைத்து அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை, பெயர் அப்படி அமைந்துவிட்டது. அப்புறம் அந்தப் பழைய வரிகளில் ஜிடிகே என்ற செயலிக் கட்டமைப்புக்கான வரியை நீக்கிவிட வேண்டும். புதிய வழியில் போக வேண்டிய செயலிகளை அது பழைய வழிக்கே இழுத்துக்கொண்டிருக்கும். எழுத்துருதான் காரணமா என்று சந்தேகம் வந்தால், எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிகிறதா என்று பாருங்கள். கட்டம் தெரிந்தால் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்து தெரிந்தால் எழுத்துருவுக்கு அதில் பங்கே இல்லை.

இன்னும் கீழே, கிராஃபிக்ஸ் டிரைவர். லாகின் திரைகூட வராமல் கறுப்பாகவோ சிமிட்டும் கோடாகவோ நிற்பது, அதுவும் நேற்று அப்டேட் போட்டு இன்று நிற்பது, என்விடியா கார்டு உள்ள கணினிகளில் அடிக்கடி கேட்கும் புகார். அந்த டிரைவர் கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு கர்னல் பதிப்புக்கும் அதற்கேற்ற மாட்யூல், அதாவது கர்னலில் ஏறும் துண்டு, தனியாகத் தயாராக வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு கர்னல் புதுப்பிக்கும்போது அதைத் தானாகவே கட்டித் தர முயலும். கர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால் அந்த வேலை தோற்கும், அப்டேட் வரிகளின் ஓட்டத்தில் அது யார் கண்ணிலும் படாது. கட்டியது சரியாக இருந்தும், அங்கீகரித்த மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் அதை ஏற்காமல் போகலாம். உங்கள் கணினியில் உருவான சாவியால் மாட்யூலுக்குக் கையொப்பம் இடப்பட்டிருக்கும், அந்தச் சாவியை நீங்கள் ஒருமுறை அங்கீகரிக்க வேண்டும். அதற்காக மறுபடி தொடங்கும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்து சில நொடிகள் காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போய்விட்டால் அது தன் பாட்டுக்கு மேலே போய்விடும், சாவி சேராது, டிரைவர் ஏறாது.

இதற்கு வழி கணினி தொடங்கும்போதே இருக்கிறது. எதில் தொடங்குவது என்று கேட்கும் குரப் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போனால் முந்தைய கர்னல் இருக்கும். அதில் நேற்றுவரை ஓடிய மாட்யூலும் இருக்கும். அதைத் தேர்ந்து டெஸ்க்டாப் எழுந்தால் சிக்கல் புதிய கர்னலுக்கான டிரைவரில்தான். நிதானமாக உள்ளே உட்கார்ந்து சரிசெய்யலாம். பழைய கர்னலும் உதவாவிட்டால், பூட் வரியின் முடிவில் 'நோமோட்செட்' என்று சேர்த்துத் தொடங்கலாம். கர்னல் திரையின் அமைப்பில் தலையிடாமல் ஃபர்ம்வேர் கொடுத்த படத்தோடு ஓடும். மெதுவாகவும் மங்கலாகவும் இருக்கும், நிரந்தரமாக அப்படி விடக்கூடாது, ஆனால் உள்ளே போக ஒரு வழி. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்த பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது. பிரச்சினை முழுக்கப் போய்விடவில்லை.

டிரைவர் கோளாறு எப்போதும் வெற்றுக் கறுப்பாகவே வருவதில்லை. சில சமயம் எல்லாம் வரும், விண்டோவை இழுத்தால் பின்னால் ஊர்ந்து வரும், மின்விசிறி இரைச்சல் போடும். கணினியைப் பற்றிய பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் கார்டின் பெயருக்குப் பதில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், கார்டு சும்மா இருக்கிறது, படம் வரைவதெல்லாம் பிராசஸர்தான். கணினி பழசாகிவிட்டது என்று முடிவு கட்டும் முன் இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் உடைவதும் உண்டு, அப்படியே அகற்றப்படுவதும் உண்டு. 2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியனுக்கு நடந்தது உலகமே பார்த்தது. பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். அந்த நேரத்தில் இருந்த பேக்கேஜ் சிக்கலால், ஸ்டீமைப் போட வேண்டுமானால் டெஸ்க்டாப் சூழலையே நீக்க வேண்டும் என்று, பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி கணக்குப் போட்டது. அதை எச்சரித்து, தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருள் தரும் ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். மறுபடி தொடங்கியபோது டெஸ்க்டாப் இல்லை. பலர் அவரைக் குறை சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். நீக்கப்படும் பேக்கேஜ்களின் பெயர்கள் சுவர்போல நெருக்கமாக ஓடும் இடத்தில், புதிதாக வந்தவர் எதைப் படிப்பார்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அத்தகைய நீக்கத்தை எளிதில் செய்துவிட முடியாதபடி ஏபிடி-யை மாற்றினார்கள்.

நம் பக்கம் செய்ய வேண்டியது, எதை நிறுவினாலும் 'நீக்கப்படும்' என்ற தலைப்புக்குக் கீழே பட்டியல் இருந்தால் நின்று படிப்பது. டெஸ்க்டாப் என்ற சொல் அந்தப் பட்டியலில் கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே போய்விட்டது என்றாலும் கலங்க வேண்டாம். கறுப்புத் திரையில் நுழைந்து, இணையம் இருக்கும் பட்சத்தில், உபுண்டு-டெஸ்க்டாப் போன்ற ஒரே ஒரு பேக்கேஜைத் திரும்ப நிறுவினால் அது தேவையான எல்லாவற்றையும் இழுத்து வந்துவிடும். உங்கள் கோப்புகளை இது எதுவும் தொட்டிருக்காது. வைஃபை அமைப்பும் போயிருந்தால் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும்.

இத்தனைக்கும் சாட்சி லாக், கணினி தானே எழுதி வைக்கும் பதிவேடு. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை எல்லாவற்றையும் காட்டும். அதனோடு 'பி' என்ற தேர்வையும் கழித்தல் 1 என்ற எண்ணையும் கொடுத்தால் இதற்கு முந்தைய தொடக்கத்தின் லாக் கிடைக்கும். உறைந்து போய் அணைத்த கணினிக்கு அதுதான் வேண்டும், இப்போதைய லாக்கில் ஒன்றும் இருக்காது. சிவப்பு வரிகளைப் பார்த்து மிரளாதீர்கள். நன்றாக ஓடும் டெஸ்க்டாப்பிலும் ஜிடிகே எச்சரிக்கைகள் நாள்தோறும் கொட்டிக்கொண்டே இருக்கும். தேட வேண்டியது நேரம். கோளாறு எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் வந்த முதல் பிழையைப் பாருங்கள். கடைசிப் பிழை பெரும்பாலும் விளைவுதான். ஒன்று விழுந்ததும் அதை நம்பியிருந்த பத்து புரோகிராம்கள் ஒவ்வொன்றாகக் கத்தும், நம் கண் அந்தப் பத்தில்தான் போய் நிற்கும்.

அந்த லாக்கில் ஒரே ஒரு வகை வரி வந்தால் மட்டும் இதுவரை சொன்ன எதையும் செய்ய வேண்டாம். டிஸ்க்கின் பெயரோடு 'ஐ/ஓ எர்ரர்' என்று திரும்பத் திரும்ப வருவது. டெஸ்க்டாப் கோளாறுபோலத் தெரிந்தது உண்மையில் டிஸ்க் சாகும் அறிகுறி. இங்கே சோதனைக்காக ஒவ்வொரு முறை மறுபடி தொடங்குவதும் அதன் மிச்ச ஆயுளைச் செலவழிப்பதுதான். உடனே அணைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் யுஎஸ்பி-யில் தொடங்கி, வேறொரு டிஸ்க்கை மாட்டி, இழந்தால் திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் நகலெடுங்கள்: படங்கள், எழுதியவை, படிப்புக்கானவை. நகலெடுக்கும்போதே தடுமாறி நின்றால் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி இருக்கிறது. வாசிக்க வரும் பகுதிகளை முதலில் முழுதாக எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்கு அது பிறகுதான் திரும்பி வரும்.